சார்ந்ததன் வண்ணம்: சுட்ட பிள்ளையாரின் மேற்பரப்பு பற்றிய ஒரு சித்தாந்த விசாரம்

ஓவனிலிருந்து எடுத்த பிள்ளையாருக்கு முகமும் துதிக்கையும் தொந்தியும் மங்கிக் கிடக்க, உட்காரும் இடம் மட்டும் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பது ஏன்? இவ்வாய்வின் தலையாய வினா இதுவே. தொந்தியில் வெள்ளை வெள்ளையாய்ப் பிறை முளைப்பது ஏன், வார்னிஷ் பூசிய பிள்ளையார் வாரக்கணக்கில் கையில் ஒட்டுவது ஏன், வெள்ளையாய் உள்ளே போனவர் பழுப்பாய் வெளியே வருவது ஏன் என்பவை கிளை வினாக்கள்.

ஆய்வு எல்லை: மலாக்கா மாநிலம், அலோர் காஜா மாவட்டம், லூபோக் சீனா, அதற்குள்ளும் ஒரு தாமான் வீட்டுச் சமையலறை. லிங்கிப் பக்கம் போனால் நெகிரி செம்பிலான் வந்துவிடும். அங்கே சுடப்படும் பிள்ளையார்களைப் பற்றிக் கருத்துச் சொல்ல இவ்வாய்வாளருக்கு அதிகாரம் இல்லை.

சிற்பி என் அக்கா மகள். ஐந்தாம் படிவம். எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில், காடியின் முன்பக்கம் ஒட்டிக்கொள்ளும் கட்டைவிரல் உயரப் பிள்ளையார்களைப் பாலிமர் கிளேயில் பிடித்து, சுட்டு, கோயில் திருவிழாவில் விற்பவள். தேறாத பிள்ளையார்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரிக்கு மேல் ஒளித்து வைத்திருந்தாள். ஆய்வுக்கு ஆதாரம் அந்த டின்தான். வேறு எந்தப் பொம்மையாக இருந்தாலும் கெட்டுப்போனது குப்பைக்குப் போயிருக்கும், வரலாறும் கூடவே போயிருக்கும். பிள்ளையாரைக் குப்பையில் போட என் பெரியம்மா விடமாட்டார். ஆற்றில் கரைக்கலாம் என்றால் இந்தப் பிள்ளையார் கரையமாட்டார். ஆகவே தவறுகளின் ஆவணக் காப்பகம் ஒன்று, ஒரு பிள்ளையார்கூடக் குறையாமல், நமக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகங்களுக்கே வாய்க்காத பாக்கியம் இது.

ஆய்வு முறையை அருணந்தி சிவாசாரியாரிடம் கடன் வாங்குகிறேன். அவர் சிவஞான சித்தியாரை இரண்டாகப் பிரித்தார். பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுப்பது பரபக்கம். தம் கொள்கையை நிறுவுவது சுபக்கம். நம் வீட்டில் பிறர் கொள்கைக்குப் பஞ்சமில்லை என்பதால் இந்த முறை மிகவும் பொருந்துகிறது.

அதற்கு முன் பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை. கிளே என்று பெயர்தானே தவிர இது குயவர் மண் அல்ல. தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிவிசி, மாவாக. அதை இளக்கி வைக்க எண்ணெய்ப் பதத்தில் பிளாஸ்டிசைசர். மேற்கொண்டு நிறமும் நிரப்புப் பொருளும். சூடு பட்டதும் பிவிசித் துகள் பிளாஸ்டிசைசரைக் குடித்து உப்பி, பக்கத்துத் துகளோடு ஒன்றாகிவிடும். காய்வது என்று நாம் வாய்வழக்கில் சொன்னாலும் உண்மையில் நடப்பது கலப்பு. ஃபிமோ என்ற வகைக்கு மூலம் ஜெர்மனியில் கேத்தெ குரூஸே என்ற புகழ்பெற்ற பொம்மைக்காரரின் வீடு. அவர் மகள் ஃபிஃபிதான் அதைக் கைவினைப் பொருளாக்கினார். ஸ்கல்பியின் கதை வேறு. அமெரிக்காவில் மின்மாற்றிகளுக்குள் சூட்டைக் கடத்துவதற்கென்று 1960களில் உண்டாக்கினார்கள், அந்த வேலைக்கு அது லாயக்கில்லை என்று தெரிந்தது, பொம்மைக்கு வந்து சேர்ந்தது. மின்மாற்றிக்குள் இருக்க வேண்டியது இன்று மைவி காடியின் முன்பக்கம் உட்கார்ந்து விக்கினம் தீர்க்கிறது.

இனி பரபக்கம்.

அருணந்தியார் முதலில் மறுப்பது உலகாயதனை. கண்ணால் கண்டதே உண்மை, கையில் கிடைப்பதே இன்பம் என்பவன் அவன். நம் ஊரில் அந்தப் பீடத்தில் இருப்பவர் ஹார்ட்வேர் கடைத் தவுக்கே. பளபளப்பு ஏன் வந்தது என்ற கேள்வியே அவருக்குத் தேவைப்படவில்லை. “கீழ மட்டும் சைனிங்கா? மேலயும் சைனிங் பண்ணிட்டா சரியாப் போச்சு லா” என்று ஒரு ஸ்ப்ரே வார்னிஷை எடுத்து நீட்டினார். தர்க்கத்தில் இதற்குப் பதில் சொல்வது கடினம். அனுபவத்தில் சுலபம். பூசிய அன்று பிள்ளையார் பிரமாதமாக மின்னினார். மறுநாள் தொட்டவர் விரலில் ரேகை எடுத்துக்கொண்டார். மறுவாரம் ஊதுபத்திச் சாம்பல், பூனை முடி, வாசலில் போகும் லாரிப் புழுதி எல்லாம் அவர்மேல் குடியேறின. காடியில் ஒட்டுவதற்குத் தனியாகப் பசை வாங்க வேண்டாம் என்பது மட்டுமே லாபம்.

காரணம் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. சுட்ட பிறகும் பிளாஸ்டிசைசர் உள்ளேதான் இருக்கும். ஸ்ப்ரே டின்னில் வரும் வார்னிஷ்களிலும் நகப்பூச்சிலும் உள்ள கரைப்பான்கள் பல அதோடு உறவாடி, பூச்சை இறுகவிடாமல் இளக்கிக்கொண்டே இருக்கும். இன்று காயும், நாளை காயும் என்று காத்திருப்பது வீண். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் முடிந்தவரை துடைத்தெடுத்துவிட்டு, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் வார்னிஷை மெல்லிசாகப் பூச வேண்டும். நம் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அதுவும் சாவகாசமாகத்தான் காயும். மழை பிடித்திருக்கும் சாயங்காலத்தில் பூசிவிட்டு அவசரப்பட்டால் பால் படிந்த மாதிரி மூட்டம் போடும். பசை வகையைச் சேர்ந்த பூச்சுகளோ இந்த ஈரத்தில் எப்போதும் பிசுபிசுப்புத்தான். உலகாயதன் மறுக்கப்பட்டான், டின்னுக்குக் கொடுத்த வெள்ளி திரும்பவில்லை.

அடுத்தவர் பக்கத்து வீட்டு அங்கிள், மாயாவாதி. “வெளிச்சம் படுற கோணம் அப்படி. பளபளப்புன்னு ஒண்ணு இல்லவே இல்லை” என்றார். பிள்ளையாரைத் திருப்பிப் பிடித்தோம், ஜன்னலோரம் கொண்டுபோனோம், குழல் விளக்கை அணைத்து டார்ச் அடித்தோம். எந்தக் கோணத்திலும் பீடம் மின்னியது, முகம் மின்னவில்லை. அவர் தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார்.

கடினமான எதிர்வாதி என் பெரியம்மா. இறைவன் திருவடி பட்ட இடம் ஒளிரும். பிள்ளையார் அமர்ந்த இடம் ஒளிர்கிறது. இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. மலாக்கா டவுனில் 1781-இல் மலாக்கா செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலுக்குச் சிறுவயதிலிருந்து போய்வருபவர். பிள்ளையார் விஷயத்தில் அவரோடு வாதம் செய்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஆனால் தரவு ஈவிரக்கமற்றது. மூஞ்சூறின் வயிறும் அதே மாதிரி பளபளத்தது. “வாகனம்தானே, அதுக்கும் அருள் உண்டு” என்றார். சூடு சரியா என்று பார்க்கச் சிற்பி உருட்டிப் போட்ட வெறும் சோதனை உருண்டையின் அடிப்பக்கமும் பளபளத்தது. அதற்குக் கண் இல்லை, காது இல்லை, தெய்வாம்சம் துளியும் இல்லை. பெரியம்மா அந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையும் சாமி அலமாரியில் வைத்துவிட்டார். வாதத்தில் இது தோல்வியா வெற்றியா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

சுபக்கம்.

மேற்கோள்: பிள்ளையாரின் பளபளப்பு பிள்ளையாருடையது அன்று, ஓட்டுடையது.

ஏது: குளியலறையைப் புதுப்பித்தபோது மிஞ்சிய ஓடு ஒன்றின்மேல் வைத்துத்தான் சிற்பி சுடுகிறாள். சூட்டைச் சமமாகத் தாங்குவதற்கு ஓடு நல்லது. ஆனால் அது வழவழப்புப் பூச்சுள்ள ஓடு. பச்சைக் கிளே அதில் காற்றுப் புகாமல் அழுந்தி உட்கார்ந்து, அந்த வழவழப்பை அப்படியே வாங்கிக்கொண்டு, அந்த நிலையிலேயே இறுகிவிடுகிறது. மற்ற இடங்களில் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளத்தோடு இறுகுகிறது. வெளிச்சம் அங்கே பட்டுச் சிதறுவதால் மங்கல்.

எடுத்துக்காட்டு: ஒரே பிள்ளையாரின் இடது தொடை ஓட்டின்மேலும் வலது தொடை வெள்ளைத் தாளின்மேலும் இருக்குமாறு வைத்துச் சுட்டோம். ஆறிய பின் புரட்டிப் பார்த்தால் பீடத்தின் நடுவே அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு இடப்புறம் சமையலறை விளக்கு முழுசாகத் தெரிந்தது. வலப்புறம் முட்டை ஓட்டின் மங்கல். தாளில் அவர் உட்கார்ந்த இடத்தில் எண்ணெய்த் தடமாக ஓர் அரைவட்டம்: தாள் கொஞ்சம் பிளாஸ்டிசைசரைக் குடித்திருக்கிறது.

ஆன்மா எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்று சைவ சித்தாந்தம் சொல்வதை விளக்கப் படிகத்தை உதாரணம் காட்டுவார்கள். பாலிமர் கிளே அவர்களுக்குக் கிடைக்கவில்லை, பாவம். படிகத்தைப் பூவிலிருந்து நகர்த்தினால் நிறம் போய்விடும். கிளேயை ஓட்டிலிருந்து எடுத்தாலும் போகாது.

பிறகுதான் மிகப் பெரிய நிரூபணம் தானாக வந்து சேர்ந்தது. வெள்ளைத் தாள் தீர்ந்துபோனதால் சிற்பி தன் செஜாரா முன்தேர்வுத் தாளை, பள்ளியில் போட்டோஸ்டேட் எடுத்ததை, கவிழ்த்து விரித்து அதன்மேல் பிள்ளையாரை வைத்தாள். கவிழ்த்ததில் கேள்விப் பக்கம் மேலே வந்துவிட்டது. சுட்டு எடுத்தால் பீடத்தில் பொடிப்பொடியாய்க் கறுப்பு எழுத்து. போட்டோஸ்டேட் மையும் ஒரு பிளாஸ்டிக் தூள்தான், அதையும் சூட்டில்தான் தாளில் ஒட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிசைசர் அதை இளக்கிவிட, இன்னொரு சூட்டில் அது வீடு மாறிக்கொண்டது. எழுத்துகள் இடவலம் மாறியிருந்தன. குளியலறைக் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தோம். முழுசாகத் தெரிந்தது ஓர் ஆண்டு மட்டும்: 1511. மலாக்காவைப் போர்த்துக்கீசியர் பிடித்த ஆண்டு. வியாசர் சொல்லச் சொல்லப் பாரதம் எழுதியவருக்கு இது பெரிய காரியமில்லை என்றார் பெரியம்மா. அற்புதவாதம் இப்படித்தான், ஒரு வாசலில் விரட்டினால் இன்னொரு வாசலில் வந்து நிற்கும்.

பளபளப்பு வேண்டாதவர்கள் ஓட்டின்மேல் எழுத்தில்லாத தாளை விரித்தால் போதும். வந்துவிட்ட பளபளப்பை நீக்க உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். நனைக்காமல் தேய்த்தால் தூசு மூக்குக்குள் போகும். உடம்பு முழுவதும் பளபளப்பு வேண்டும் என்பவர்களும் அதே உப்புத்தாளைத்தான் எடுக்க வேண்டும்: 400, 600, 800, 1000 என்று மேலும் மேலும் நைசான ரகங்களில் வரிசையாகத் தேய்த்து, கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியால் சூடு பறக்கத் தேய்த்தால் வார்னிஷ் இல்லாமலே மின்னும். துதிக்கை வளைவுக்குள் இதைச் செய்ய முடியாது என்பதைச் சிற்பி முணுமுணுத்தபடி பதிவுசெய்யச் சொன்னாள்.

எஞ்சிய குறைகளை மும்மலத்தில் அடக்கிவிடலாம். பிளாஸ்டிசைசர் ஆணவம். செம்பில் களிம்பு போல் உடன்பிறந்தது, சுட்டாலும் போகாது, அடங்கி மட்டும் கிடக்கும். அதன் வேலையை வார்னிஷில் பார்த்தோம். பச்சைக் கிளேயைச் சிலவகைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் டப்பாவையே இளக்கி ஒட்டிக்கொள்வதும் அதுதான். கன்மம் என்பது செய்தவர் கைவினை: விரல்ரேகை, சட்டைப் பஞ்சு, ஒட்டாமல் இருக்கத் தூவிய சோளமாவு. வெள்ளைக் கிளே ஊரில் உள்ள பஞ்சையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். சுடுவதற்கு முன் ஆல்கஹால் தொட்ட தூரிகையால் வருடிவிட்டால் ரேகை அழியும். ஒருமுறை கைகால் சரியாமல் தாங்குவதற்குச் சமையல் சோடாவைக் குவித்து அதில் புதைத்துச் சுட்டதில், கறுப்புப் பிள்ளையார் உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். அதற்கு மட்டும் வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை.

மூன்றாவது மாயை. தொந்திப் பிறை அதில் அடங்கும். இதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தோல் நிறத்திலும் ஒளி ஊடுருவும் வகைக் கிளேயிலும்தான் இது அதிகம். நகத்தின் அடியில் இருப்பது மாதிரி சின்னச் சின்ன வெள்ளை வளைவுகள், மேலே தடவினால் தட்டுப்படாது, தோலுக்கு உள்ளே இருக்கும். பெரியம்மாவுக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. கொழுக்கட்டையைத் தின்று விழுந்து தொந்தி வெடித்தபோது சிரித்ததற்காகச் சந்திரனைப் பிள்ளையார் சபித்தாரே, நாலாம் பிறையைப் பார்த்தவன் படாத பாடு படுவானே, அந்தச் சந்திரன் இப்போது பழிவாங்குகிறான். அதுவும் சரியாகத் தொந்தியில். அழகான விளக்கம் என்பதை நான் மறுக்கவில்லை.

பெரியப்பா அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும்வரை தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கும் இடத்தில் வேலை செய்தவர். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டது இதே மலாக்காவில்தான், புக்கிட் லிந்தாங்கில், 1896-இல், டான் சாய் யான் என்பவர். அன்றிலிருந்து இங்கே மேற்பரப்பைப் பார்த்துத்தான் பலருக்குச் சோறு. புகையிலிருந்து வந்த ஷீட்டைத் தரம் பிரிக்க எந்த இயந்திரமும் கிடையாது. ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, குமிழி, கறை, தூசு, பூசணம் பார்த்து ஒன்றாம் நம்பரிலிருந்து ஐந்தாம் நம்பர்வரை ஒதுக்குவார்கள். குண்டூசித் தலை அளவுக் குமிழி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ஒன்றாம் நம்பரிலேயே மன்னிப்பு உண்டு.

அவர் பிள்ளையாரைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கதவு நிலையில் நின்று, இரண்டு விரலால் பீடத்தைப் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கினார். கையை மெதுவாகத் திருப்பினார். காதில் வெளிச்சம் ஊடுருவி ஆரஞ்சாகத் தெரிந்தது; தொந்தியில் பிறைகள் நிழலாக நின்றன.

“ஈரம் பாப்பா இது. நம்ம ஷீட்டு இப்படித்தான். உள்ள தண்ணி இருக்கையிலயே தீயை ஏத்திட்டா கொப்புளிச்சுக்கும். அறுபது டிகிரிக்கு மேல விட மாட்டோம், நாலு நாளு பொறுத்துத்தான் எடுப்போம். நீ எவ்வளவுல வெக்கிற?”

“நூத்தி முப்பது, தாத்தா. அரை மணி நேரம்.”

“சரிதான்” என்று பிள்ளையாரைத் திருப்பிக் கொடுத்தார். “மூணாம் நம்பரு.”

பிள்ளையாரை மூன்றாம் நம்பருக்கு இறக்கியதற்காகப் பெரியம்மா அன்று அவரோடு பேசவில்லை. ஆனால் இந்தப் பிறையைப் பற்றி உலகெங்கும் கிளே வைத்துச் சுடுகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வதும் அவர் சொன்னதுதான்: பிசையும்போது அகப்பட்ட காற்று, கிளே குடித்த ஈரம், இரண்டும் சூட்டில் விரிந்து தோலுக்கடியில் பிளவு போடுகின்றன. ஈரக் கையால் பிசையாதே, மடித்து மடித்துக் காற்றை உள்ளே அடைக்காதே, கிளேயை வாய் திறந்து வைக்காதே என்று சிற்பிக்கு உத்தரவானது. பிறைகள் குறைந்தன. ஒழியவில்லை. போலி ஜேட் மணி செய்கிறவர்கள் இதே பிறை வேண்டும் என்று தவம் கிடக்கிறார்கள் என்பதைப் பெரியம்மாவிடம் சொன்னதில் சந்திரன்மீது அவருக்கு இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

மலம் மூன்றும் பரிபாகம் அடைய வேண்டிய இடம் ஓவன். இங்கே ஓவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஃபிமோவுக்கு 110 டிகிரி, ஸ்கல்பிக்கு 130, கேட்டோ என்ற வகைக்கு 150 என்று பொட்டலத்தில் போட்டிருப்பார்கள். வீட்டு ஓவனின் திருகில் 130 என்று எழுதியிருப்பது ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். உள்ளே சூடு ஏறி ஏறி இறங்கும், கம்பிக்குப் பக்கத்தில் ஒரு சூடு, கதவோரம் ஒரு சூடு. தனியாக ஒரு ஓவன் வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தால்தான் நிலவரம் புரியும். சூடு போதாமல் போனால் பிள்ளையார் பார்வைக்கு நன்றாக இருப்பார், தொட்டால் துதிக்கை கையோடு வரும். ஒற்றைக் கொம்பர் என்பது புராணம். துதிக்கை இல்லாதவருக்குப் புராண ஆதரவு கிடையாது. சூடு கூடினால் வெள்ளை முதலில் பழுக்கும், பிறகு பழுப்பாகும், மிஞ்சினால் பிவிசி உடைந்து ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். உடனே ஓவனை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லாரும் வெளியே போக வேண்டும்.

எங்கள் ஓவனில் அது நடந்தது தீபாவளிக்கு முன்பு. பைனாப்பிள் தார்ட் சுட அக்கா திருகை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாள். உள்ளே ஏற்கெனவே பிள்ளையார்கள் இருந்ததை அவளும், தார்ட்டுக்குத் திருகு ஏறியதைச் சிற்பியும் கவனிக்கவில்லை. தந்த நிறப் பிள்ளையார்கள் கருப்பட்டி நிறத்தில் வந்தார்கள். பலகாரம் சுடுகிற ஓவனில் கிளே கூடாது என்று அக்கா தீர்ப்பளித்தாள். தீர்ப்பு சரி, தனி ஓவன் இல்லாதவர்கள் மூடியுள்ள அலுமினியத் தட்டுக்குள் வைத்தாவது சுட வேண்டும். மூடி போட்டால் கம்பிச் சூடு நேரே தாக்காது, நிறமும் கருகாது.

தடை இப்போது அமலில் இருந்திருக்கும், 1511 பிள்ளையாரைச் சிற்பி பள்ளிக்குக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால். வகுப்பில் அது கைமாறிக் கைமாறிப் போய், சாயங்காலத்துக்குள் முன்பணத்தோடு ஆர்டர்கள் வந்துவிட்டன. ஒருத்திக்கு 1957 வேண்டும். இன்னொருத்திக்குக் கணக்குச் சூத்திரங்கள், எல்லாம், சின்ன எழுத்தில். தேர்வு மண்டபத்துக்குள் கொண்டுபோக அல்ல, வாசல்வரை கையில் வைத்திருக்க மட்டும் என்று சத்தியம் செய்திருக்கிறாள். இது நியாயமா என்று பெரியம்மாவிடம் கேட்டோம். பிள்ளையாரை யாரும் புரட்டிப் பார்க்காதவரை தப்பில்லை என்றார். அக்காவோ சுட்டதும் முதலில் தன்னிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் ஓவனை வாரத்தில் ஒரு நாளைக்குத் திறந்துவிட்டாள்; மகள் அந்தச் சூத்திரங்களைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தது அவளுக்கும் தெரியும்.

ஆர்டர் கொடுப்போர் கவனத்துக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு: மூலத்தாள் இடவலம் திருப்பி அச்சிட்டதாக இருக்க வேண்டும், கையால் எழுதியதாகவோ சாதாரண இங்க்ஜெட்டில் அச்சிட்டதாகவோ இருக்கக் கூடாது. போட்டோஸ்டேட் அல்லது லேசர் மட்டுமே ஏறும்.